கார் போயிடுச்சு, கடன் மட்டும் ஏன் போகல?



"ஈ.எம்.ஐ கட்ட முடியல சார், வண்டியை அவங்களே தூக்கிட்டாங்க. அதோட கணக்கு முடிஞ்சதுதானே?" நம்ம சேனலுக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது. முடியல என்பதுதான் பதில். ஏன்னு ஒரு கற்பனை உதாரணத்தோட பார்ப்போம்.

மகேந்திரா வேர்ல்டு சிட்டியில வேலை, செங்கல்பட்டுல வாடகை வீடு. வேலை மாறின இடைவெளியில நாலு ஈ.எம்.ஐ நின்னுபோச்சு. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோட மாமல்லபுரம் போனா, பார்க்கிங்ல ரெண்டு பேர் வந்து சாவி கேக்கறாங்க. இப்போ உங்க கையில என்னென்ன காகிதம் இருக்கணும்?

1. எடுக்கும் முன் நோட்டீஸ்

நிதி நிறுவனங்களின் கடன் ஒப்பந்தத்துல நோட்டீஸ் காலம், எப்போ அது தேவையில்லை, வண்டியை எடுக்கும் முறை, விற்பதற்கு முன் கடைசி வாய்ப்பு, ஏல முறை எல்லாம் இருக்கணும்னு ஆர்பிஐ சொல்லுது. உங்க ஒப்பந்தத்துல அந்தப் பக்கத்தை இன்னைக்கே படிங்க. ஏன்னா 2020-ல மேக்மா ஃபின்கார்ப் வழக்குல உச்ச நீதிமன்றம், நோட்டீஸ் அவசியமா இல்லையாங்கறது ஒப்பந்தத்தைப் பொறுத்ததுன்னு சொல்லிடுச்சு. அந்த வழக்குல 35 தவணையில ஏழுதான் கட்டியிருந்தார். சரியான நோட்டீஸ் தராத குறைக்குக் கிடைச்சது 15,000 ரூபாய் மட்டும். வண்டி திரும்ப வரல.

அதுக்காக அடியாள் வெச்சு மிரட்டிப் பிடுங்க முடியாது. 2007-லயே உச்ச நீதிமன்றம் ஐசிஐசிஐ வங்கி வழக்குல இதைக் கண்டிச்சிருக்கு. ஏஜென்ட்கிட்ட அடையாள அட்டை, அங்கீகாரக் கடிதம் கேளுங்க. வெற்றுத் தாள்ல கையெழுத்து போடாதீங்க. வண்டியோட நிலைமை, கிலோமீட்டர் ரீடிங், உள்ளே இருக்கற பொருள் எல்லாத்தையும் போட்டோ எடுங்க.

2. விற்கும் முன் நோட்டீஸ்

பாக்கியைக் கட்டி வண்டியை மீட்க இதுதான் கடைசி வாய்ப்பு. எவ்வளவு கட்டணும், என்ன தேதிக்குள்ளன்னு எழுத்துல கேளுங்க. ஏலத்துக்கு உங்களுக்குத் தெரிஞ்ச ஆளையும் கூட்டிட்டு வர்றேன்னு மெயில் போடலாம்.

3. விற்ற பிறகு கணக்கு

கடன் பாக்கி 5,20,000. யார்டுல வண்டி போன விலை 3,70,000. எடுத்த செலவு, யார்டு வாடகை 20,000. கழிச்சா கடன்ல வரவு 3,50,000தான். மீதி 1,70,000 உங்க தலையில. அதுவே 5,60,000-க்குப் போயிருந்தா, செலவு போக 20,000 உங்களுக்குத் திரும்ப வரணும். நகை அடகுக்கு 1872 ஒப்பந்தச் சட்டம் பிரிவு 176 சொல்றதும் இதே கணக்குதான்: விற்கும் முன் நோட்டீஸ், குறைஞ்சா நீங்க தரணும், மிஞ்சினா அவங்க தரணும்.

அதனால பாக்கி கேட்டு லெட்டர் வந்தா உடனே பணம் கட்டாதீங்க, தூக்கியும் போடாதீங்க. ஏல விலை, மதிப்பீட்டு அறிக்கை, செலவு ரசீது, கடன் ஸ்டேட்மென்ட் நாலும் கேளுங்க. பதில் இல்லைன்னா 30 நாள் கழிச்சு ஆர்பிஐ ஒம்பட்ஸ்மன்கிட்ட புகார் பண்ணலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக ரெண்டு வருஷம்தான் டைம்.

பலர் மறக்கற விஷயம்: ஆர்.சி

வண்டி கைமாறியும் ஆர்.சி உங்க பேர்லயே இருந்தா, ஈசிஆர்ல யாரோ ஓட்டின வேகத்துக்கு சலான் உங்களுக்கு வரும். விபத்து நஷ்டஈட்டு வழக்கும் வரலாம். விற்றவர் பேர்லயே ஆர்.சி இருந்ததால அவரே பொறுப்புன்னு 2018-ல உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்குல சொன்னது. அதனால பெயர் மாற்றம் முடியற வரைக்கும் விடாதீங்க.

என் யோசனை

ரெண்டாவது ஈ.எம்.ஐ தவறும்போதே நிறுவனத்துக்கு எழுதுங்க. கட்டவே முடியாதுன்னா, அவங்க சம்மதத்தோட நீங்களே விலை பேசி வித்துடுங்க. யார்டுல வெயில்ல கிடக்கற வண்டிக்கும், வீட்டு வாசல்ல துடைச்சு நிறுத்தின வண்டிக்கும் ஒரே விலை கிடைக்காது. அந்த வித்தியாசம்தான் பின்னாடி உங்க பேர்ல பாக்கியா வரப்போகுது.