ஒளியும் மேனியும்

விருதுநகர் மாவட்டத்தில் அருச்சுனா ஆற்றின் குறுக்கே அமைந்த நீர்த்தேக்கத்தால் பெயர் பெற்றது ஆனைக்குட்டம். மழை குறைந்து வெயில் மிகுந்த நிலம் அது. அருகிலுள்ள சிவகாசிப் பகுதியில் பட்டாசுத் தொழிலும் தீப்பெட்டித் தொழிலும் தழைத்தற்கு அவ்வறண்ட வானிலையும் ஒரு காரணம். அவ்வெயிலில் உழுவோரும் களையெடுப்போரும் கருத்த மேனியராய் இருத்தல் இயல்பே. அக்கருமை குறையன்று. தோலின் மேற்படலத்து அடியில் உறையும் மெலனின் என்னும் நிறப்பொருள், கதிரவனின் புற ஊதாக் கதிர்களைத் தான் ஏற்று, உயிரணுக்களைக் காக்கும் குடையாகும். பண்டைப் புலவர் மகளிரின் மாமை நிறத்தை மாந்தளிரோடு ஒப்பிட்டுப் போற்றினர். இக்கால விளம்பரக்காரர் அதனை அறியார் போலும்!

தோலின்மேல் வைத்து விசையை அழுத்தினால் பளிச்சென ஒளி வீசி மயிரைக் குறைக்கும் சிறு கருவிகள் இன்று வீடுதோறும் வரத் தொடங்கியுள்ளன. முகப்பருவிற்கு நீல ஒளியும், சுருக்கத்திற்குச் செவ்வொளியும் தரும் முகமூடிகளும் விற்கப்படுகின்றன. ஒளியால் தோலுக்கு மருத்துவம் செய்தல் புதிதன்று. டென்மார்க்கு நாட்டு மருத்துவர் நீல்சு பின்சன், தோலைப் பற்றும் காசநோயைச் செறிந்த ஒளிக் கதிர்களால் ஆற்றிக் காட்டி, 1903-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டிலோ, கார்போகரிசியை மருந்தாக்கி வெயிலில் மேனியைக் காட்டி, வெண்புள்ளியைப் போக்கும் முறை நெடுங்காலமாகவே இருந்துவந்தது.

1960-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள், அமெரிக்கராகிய தியோடர் மைமன் மாணிக்கக் கல்லொன்றினின்று முதல் லேசர் ஒளியைத் தோற்றுவித்தார். லேசர் என்பது ஆங்கிலச் சொற்கள் சிலவற்றின் முதலெழுத்துகள் கூடிப் பிறந்த பெயர். ஒரே நிறமும் ஒரே நெறியும் உடையது அவ்வொளி. வீட்டுக் கருவிகளுள் பல லேசர் அல்ல. செனான் விளக்கின் பலநிற ஒளியை வடிகட்டி, நொடியின் சிறு கூற்றில் வீசுவன அவை.

இவை தொழிற்படும் வகையை அறிய எளிய வழியுண்டு. குவிவில்லையால் வெயிலைக் கறுப்புத் தாளின்மேல் குவித்தால் அது விரைவில் புகையும். வெள்ளைத் தாளோ சற்று நேரம் பொறுக்கும். (பட்டாசு ஆலையின் அருகில் இச்சோதனையைச் செய்யலாகாது என்று சிவகாசிப் பிள்ளைகளுக்குச் சொல்லவும் வேண்டுமோ?) கறுப்பு ஒளியை உண்டு வெப்பமாக்குகிறது. மயிரின் வேர்ப்பகுதியில் உள்ள மெலனினும் அவ்வாறே ஒளியை உண்டு சூடேறி, மயிரை வளர்க்கும் இடத்தைத் தாக்குகிறது. சுற்றியுள்ள தசை சூடேறாதவாறு ஒளியின் நிறத்தையும் வீச்சின் காலத்தையும் தேர்ந்தெடுக்கும் நெறியை ஆண்டர்சன், பாரிசு என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 1983-இல் விளக்கினர். நரைத்த மயிரில் மெலனின் இன்மையின், அக்கருவியால் பயன் இல்லை. கருமயிரும் முற்றும் அழிவதில்லை. நாளடைவில் சிறிது முளைக்கும்.

இடர் எங்கே உளது? தோலிலும் மெலனின் மிகுந்திருப்பின், ஒளி வேரைச் சேருமுன் மேற்படலமே அதனை உண்டு சூடேறிவிடும். கொப்புளம் எழும்; ஆறிய பின்னர் அவ்விடம் முன்னினும் கருத்து, திங்கள் பல நிற்றலும் உண்டு. நிறம் வெளுக்கும் என்று நம்பி இக்கருவியை வாங்கும் இளையோர் இதனை நன்கு அறிதல் வேண்டும். மயிர் குறைக்கும் கருவி வெளுப்பிக்கும் கருவியன்று. மச்சத்தின்மேலும், பச்சை குத்திய இடத்தின்மேலும், வெயிலில் புதிதாகக் கருத்த தோலின்மேலும் அதனைச் செலுத்துதல் தீது. கண்ணருகே கொண்டு செல்லுதலோ பெருந்தீங்கு. நொடியில் கண்ணின் உட்படலம் பழுதாகலாம்.

அலை நீளம் மிகுந்த ஒளியை மெலனின் குறைவாகவே உண்ணும். ஆதலின் கருமேனியர்க்கு மருத்துவர் 1064 நானோமீட்டர் அலை நீளமுடைய லேசரை ஆள்கின்றனர். வீட்டுக் கருவிகளுள் சில, தோலின் நிறத்தைத் தாமே அளந்து, கருமை மிகுந்த இடத்தில் ஒளி வீச மறுக்கும். அங்ஙனம் மறுப்பின், கருவி பழுதென்று எண்ணி மீண்டும் மீண்டும் விசையை அழுத்துதல் கூடாது. அஃது அம்மேனிக்கு ஏற்றதன்று என்று அக்கருவியே உரைத்த விடை அது.