மீன் விடுமுன் தொட்டியைப் பதப்படுத்தல்

நெல்லும் காய்கறியும் செய்கைபண்ணும் கமக்காரர் பலர், தம் வளவின் ஒரு மூலையிலே சீமெந்துத் தொட்டி கட்டி, அலங்கார மீன் வளர்த்து, மேலதிக வருமானம் பெற விரும்புகின்றனர். இது நல்ல முயற்சியே. கப்பி, மொலி, பொன்மீன் முதலியன சிறிய இடத்தில் வளர்வன. இலங்கையிலிருந்து பிறநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் அலங்கார மீன்களுள் கப்பி முக்கியமான இடத்தைப் பெறுகின்றது.

ஆயினும், இம்முயற்சியிற் புதிதாக ஈடுபடுவோர் முதலில் அடையும் நட்டம் பெரும்பாலும் ஒரே விதமானது. தொட்டியின் பூச்சுக் காய்ந்ததும் நீரை நிரப்பி, அவ்வாரமே மீன் குஞ்சுகளையும் வாங்கி விடுகின்றனர். சில நாட்களுள் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து மூச்சுவிடத் தொடங்குகின்றன. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்து மிதக்கின்றன. குஞ்சு நோயுற்றது எனக் கருதி மீண்டும் பணங் கொடுத்து வாங்குகின்றனர். அவையும் மடிகின்றன. குஞ்சிற் குறையில்லை, நீரே பதப்படவில்லை. உழாத வயலில் எவரும் நாற்று நடுவதில்லை. அதுபோலப் பதப்படுத்தாத நீரில் மீனை விடுதலும் ஆகாது.

புதிய தொட்டியில் மீனுக்குத் தீங்கு செய்வன மூன்று. முதலாவது, சீமெந்திலிருந்து கரையும் சுண்ணம். இரண்டாவது, நீருடன் வந்து சேரும் குளோரினும் பீடைகொல்லியும். மூன்றாவது, மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா. இம்மூன்றையும் நீக்கும் முறைகள் கீழே தரப்படுகின்றன.

1. இடமும் அளவும்

காலை வெயில் பட்டு நண்பகலில் நிழல் விழும் இடத்தைத் தெரிவுசெய்க. இலை உதிரும் மரத்தின் கீழும், மருந்து தெளிக்கப்படும் பாத்திகளுக்கு அருகிலும் தொட்டியைக் கட்டலாகாது. தொட்டியின் அடி, நீர் வெளியேறும் குழாயை நோக்கிச் சற்றுச் சரிவாக அமைதல் வேண்டும்.

இடும் பொருள்களின் அளவை அறிவதற்கு, தொட்டி கொள்ளும் நீரின் அளவு தெரிந்திருத்தல் அவசியம். நீளம், அகலம், நீரின் ஆழம் ஆகியவற்றை அடியில் அளந்து ஒன்றோடொன்று பெருக்கினால் கனவடி வரும். ஒரு கனவடி ஏறக்குறைய 28 லீற்றர் நீரைக் கொள்ளும். 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உடைய தொட்டியில் ஒன்றரை அடிக்கு நீர் நின்றால், அது 36 கனவடி. அஃதாவது ஏறக்குறைய 1,000 லீற்றர். இப்பிரசுரத்திற் கூறப்படும் அளவுகள் யாவும் இத்தகைய தொட்டிக்கு உரியன.

2. சீமெந்தின் சுண்ணத்தை அகற்றல்

புதிய சீமெந்திலிருந்து கல்சியம் ஐதரொட்சைட்டு என்னும் சுண்ணப்பொருள் நீரிற் கரைகின்றது. நீரின் அமிலத் தன்மையையும் காரத் தன்மையையும் அளப்பது பீ.எச். பெறுமானம். நடுநிலை நீருக்கு இது 7 ஆகும். அலங்கார மீன்களுக்குப் பெரும்பாலும் 6.5 முதல் 8.5 வரை ஏற்றது. புதிய சீமெந்துத் தொட்டியின் நீரிலோ இது 11க்கு மேலும் உயரக்கூடும். அத்தகைய நீர் மீனின் பூக்களையும் தோலையும் அரித்துவிடும்.

இதனை அகற்றும் முறை வருமாறு:

(அ) பூச்சு முடிந்தபின் 7 நாட்களுக்குச் சாக்கு நனைத்துப் போட்டு ஈரமாக வைத்திருக்க வேண்டும். இதனாற் பூச்சு வலுப்பெறும், வெடிப்பும் ஏற்படாது.

(ஆ) தொட்டியை விளிம்பு வரை நீரால் நிரப்பி, 3 நாட்களின் பின் முற்றாக வெளியேற்றுக. சுவரையும் அடியையும் தும்புத்தூரிகையால் தேய்த்துக் கழுவுக. இவ்வாறு இருமுறை செய்க. சவர்க்காரம் உபயோகிக்கலாகாது.

(இ) குலை வெட்டிய ஒரு வாழைமரத்தின் தண்டைச் சிறு துண்டுகளாக வெட்டித் தொட்டியிலிட்டு மீண்டும் நீர் நிரப்புக. 7 முதல் 10 நாட்கள் வரை ஊறவிடுக. தண்டு அழுகும்போது உண்டாகும் அமிலங்களும் காபனீரொட்சைட்டும் சுண்ணத்தின் காரத்தைத் தணிக்கின்றன. நீர் நிறம் மாறி நாற்றமெடுப்பது இயல்பே. பின்னர் துண்டுகளை அகற்றி, நீரை வெளியேற்றி, நன்றாகத் தேய்த்துக் கழுவுக. வாழைத்தண்டு கிடையாதவிடத்து, வினாகிரியைச் சுவரிலே பூசி, ஒரு நாள் விட்டுக் கழுவலாம். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தல் நன்று.

(ஈ) நல்ல நீரை நிரப்பி 3 நாட்கள் விட்டு, பீ.எச். தாளினாற் சோதிக்க. அதே கிணற்று நீரை ஒரு வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து, அதனையும் சோதித்து ஒப்பிடுக. கிணற்றிலிருந்து அள்ளியவுடன் சோதித்தால் நீரிற் கரைந்துள்ள காபனீரொட்சைட்டினாற் பெறுமானம் குறைவாகத் தோன்றும். ஆகையாலேயே ஒரு நாள் வைத்தல் வேண்டும். தொட்டி நீரும் வாளி நீரும் ஏறக்குறைய ஒரே பெறுமானத்தைக் காட்டினால் சுண்ணம் நீங்கிற்று எனக் கொள்ளலாம். தொட்டி நீர் உயர்வாகக் காட்டினால் (இ) இற் கூறியதைத் திரும்பச் செய்க.

முதலில் வெளியேற்றும் சுண்ண நீரை நாற்றுமேடையிலோ கிணற்றருகிலோ ஊற்றுதல் கூடாது.

3. நீரைத் தெரிந்து நிரப்பல்

கிணற்று நீர் பெரும்பாலும் ஏற்றதே. ஆனால் அதில் ஒட்சிசன் குறைவாக இருக்கும். உயரத்திலிருந்து விழுமாறு நிரப்பி, ஒரு நாள் வைத்திருந்தால் இக்குறை நீங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டிற்போலச் சுண்ணக்கற் பாறையிலிருந்து ஊறும் நீர் கடினமானது. கப்பியும் மொலியும் இத்தகைய நீரில் நன்கு வளர்வன. ஆகையால் நீருக்கேற்ற மீனைத் தெரிவுசெய்தல், மீனுக்காக நீரை மாற்ற முயல்வதினும் எளிது.

குழாய் நீரில் உள்ள குளோரின் மீனுக்கும் ஆகாது. நீரைத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்களுக்கும் ஆகாது. அந்நீரை வாயகன்ற பாத்திரத்தில் இரண்டு நாட்கள் திறந்து வைத்த பின்னரே உபயோகிக்க வேண்டும். வெள்ளத்தின் பின் கிணற்றுக்குக் குளோரின் இட்டிருந்தால், மணம் முற்றாக நீங்கிய பின்பும் இவ்வாறே செய்க.

கமக்காரர் மிக விழிப்பாயிருக்க வேண்டியது பீடைகொல்லிகளின் விடயத்திலாகும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் தெளிக்கப்படும் பைரெத்துரொயிட்டு வகைப் பூச்சிநாசினிகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லக்கூடியன. செம்பு கலந்த பங்கசுநாசினிகளும் மீனுக்குத் தீயன. மருந்து கலக்கிய வாளி, மருந்துப் போத்தல், தெளிகருவி ஆகிய எதனையும், எத்தனை முறை கழுவியிருப்பினும், தொட்டி வேலைக்கு எடுத்தலாகாது. மீனுக்கென ஒரு வாளியைப் புறம்பாக வைத்து, அதற்கு அடையாளமிடுக. மருந்து தெளித்த கையாலும் உடையோடும் தொட்டியருகே செல்லாதீர்கள்.

4. நீரிலே நன்மை செய்யும் பற்றீரியாக்களை வளர்த்தல்

வயலுக்கு யூரியா இடும்போது நிகழ்வதை நீங்கள் அறிவீர்கள். யூரியா மண்ணிலே அமோனியாவாகின்றது. காற்றோட்டமுள்ள மண்ணில் ஒரு வகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றது. வேறொரு வகை அதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றது. இம்மாற்றத்தைச் செய்யும் பற்றீரியாக்களை விநோகிராட்சுக்கி என்னும் உருசிய நாட்டு விஞ்ஞானி 1890 ஆம் ஆண்டளவிற் பிரித்தெடுத்துக் காட்டினார்.

மீன் தொட்டியிலும் இதுவே நிகழ வேண்டும். மீன் தன் பூக்களினூடாக அமோனியாவை இடைவிடாது வெளியேற்றுகின்றது. எஞ்சிய தீனும் அழுகி அமோனியாவைத் தருகின்றது. அமோனியா மீனுக்கு நஞ்சு; நைத்திரைற்றும் நஞ்சு; நைத்திரேற்றோ பெருமளவிற் சேர்ந்தாலன்றித் தீங்கு செய்யாது. பழைய தொட்டியில் இப்பற்றீரியாக்கள் கல்லிலும் சுவரிலும் படிந்து வாழ்வதால் நஞ்சு உடனுக்குடன் மாற்றப்படுகின்றது. புதிய தொட்டியில் அவை இல்லை. நீர் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றினும் நஞ்சு நாளுக்கு நாள் கூடுகின்றது.

நீரிற் காரம் மிகுந்தால் இந்நஞ்சின் கொடுமையும் மிகும். நமது நாட்டுத் தாழ்நிலங்களின் வெப்பத்தில், பீ.எச். 7 ஆயின் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்கிற்குங் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும். 8 ஆயின் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பங்கு; 9 ஆயின் ஏறக்குறைய 40 பங்கு. சுண்ணத்தை முற்றாகக் கழுவ வேண்டும் என்பதற்கு இது மற்றுமொரு காரணமாகும்.

பற்றீரியாக்களை வளர்க்கும் முறை:

(அ) துளையிட்ட பிளாத்திக்கு வாளியொன்றிற் கழுவிய கருங்கற் சல்லியை இட்டுத் தொட்டியில் வைத்து, சிறிய காற்றுப் பம்பியினால் அதனூடாக நீர் ஓடச் செய்க. பற்றீரியாக்களுக்குத் தங்குமிடமும் ஒட்சிசனும் தேவை. பம்பிக்குச் செல்லும் மின்கம்பி நனையாதவாறு, பம்பியை நீர்மட்டத்துக்கு மேலே பொருத்துக.

(ஆ) நோயற்ற பழைய தொட்டியொன்றிலிருந்து இரண்டு கைப்பிடி சல்லியை ஈரங் காயாது கொணர்ந்து இதிற் சேர்க்க. பாலுக்கு உறை இடுவது போன்றதே இது. காத்திருக்கும் காலம் இதனாற் பெரிதுங் குறையும்.

(இ) பற்றீரியாக்களுக்கு உணவாக, நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டியளவு மீன்தீனைத் தொட்டியில் இடுக. நீர் கலங்கி நாற்றமெடுத்தால் அளவைக் குறைக்க. இதற்குப் பதிலாக யூரியாவோ வேறு பசளையோ இடுதல் பெருந் தவறாகும்.

(ஈ) இவ்வாறு 4 முதல் 6 வாரங்கள் வரை பொறுத்திருக்க வேண்டும். அலங்கார மீன் கடைகளில் விற்கும் சோதனைப் பொருள்களாற் பரிசோதித்து, தீன் இட்டுவரும்போதே அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையெனக் கண்டால் தொட்டி ஆயத்தமாயிற்று.

(உ) சோதனைப் பொருள் கிடையாதவர்கள், 6 வாரங்களின் பின் விலைகுறைந்த கப்பி நான்கை விட்டு 7 நாட்கள் அவதானிக்க. அவை சுறுசுறுப்பாக நீந்தித் தீனை உண்டால் நன்று. நீர்மட்டத்தில் மூச்சுத் திணறினாலும், செட்டைகளை ஒடுக்கி அடியிற் கிடந்தாலும், தீனை நிறுத்தி, மூன்றிலொரு பங்கு நீரை மாற்றி, மேலுங் காத்திருக்க.

5. நுளம்பு பெருகாது தடுத்தல்

மீனில்லாத நீர்த்தொட்டி நுளம்பின் இருப்பிடமாகும். நுளம்பு முட்டையிட்டுக் குடம்பியாகிப் பறப்பதற்கு ஏறக்குறைய 8 முதல் 10 நாட்களே போதும். டெங்கு பரவும் இக்காலத்தில், காத்திருக்கும் வாரங்களில் தொட்டியை நுண்வலையினால் இடைவெளியின்றி மூடி வைத்தல் கட்டாயமாகும். டெங்கைப் பரப்பும் நுளம்பின் முட்டை சுவரில் ஒட்டிக் காய்ந்தும் உயிரோடிருக்கும். ஆகையால் நீரை வெளியேற்றும்போதெல்லாம் சுவரைத் தேய்த்துக் கழுவுக. நுளம்பு பெருக இடமளித்தல் 2007 ஆம் ஆண்டின் நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும். வலைக்குக் கீழே உறுதியான கம்பிச் சட்டமும் இட்டால் சிறு பிள்ளைகள் தவறி விழாமற் காக்கலாம்.

6. மீன் விடுதல்

மீனைக் காலையிலோ மாலையிலோ விடுக. மீன் வந்த பையைத் திறவாது 20 நிமிடம் தொட்டி நீரில் மிதக்க விடுக. பின்னர் பையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை தொட்டி நீரை அதிற் சேர்த்து வருக. அரை மணி நேரத்தின் பின் மீனை வலையால் எடுத்து விடுக. பையின் நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

முதலில் 20 கப்பி போதும். பற்றீரியாக்கள் கிடைக்கும் உணவுக்கேற்பவே பெருகுவன. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகத் தொகையைக் கூட்டுக. தீன், ஐந்து நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே இடப்பட வேண்டும். சல்லி அழுக்கடைந்தால் தொட்டியிலிருந்து அள்ளிய நீரிலேயே அலசுக. குழாய் நீரிற் கழுவினால் குளோரின் பற்றீரியாக்களை அழித்துவிடும்.

7. தொட்டிக்கு வெளியே கவனிக்க வேண்டியவை

கிழமைக்கு ஒருமுறை மாற்றும் நீரில் நைத்திரேற்று இருப்பதால், அதனைக் கீரைப் பாத்திக்கும் மிளகாய்க்கும் பாய்ச்சலாம். ஆனால் வெளியேறும் குழாயின் வாயில் வலை கட்டாது விடலாகாது. தப்பிய பிறநாட்டு மீன் வாய்க்காலையும் குளத்தையும் அடைந்தால், அங்குள்ள உள்நாட்டு மீன்களுக்குக் கேடு விளையும். தொட்டிக்கு அழகென்று ஆகாயத்தாமரையை வளர்க்காதீர்கள். வாய்க்கால்களையும் வயல்களையும் அடைக்கும் அக்களையைத் தடுக்க 1909 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டது.

கால அட்டவணை

1 ஆம் வாரம்: பூச்சை ஈரமாக வைத்திருத்தல்.
2 ஆம் வாரம்: இருமுறை நீர் நிரப்பி வெளியேற்றல்.
3 ஆம் வாரம்: வாழைத்தண்டு ஊறவிடல்.
4 ஆம் வாரம்: கழுவுதல், நல்ல நீர் நிரப்பல், பீ.எச். சோதித்தல்.
5 ஆம் வாரம் முதல் 8 ஆம் வாரம் வரை: சல்லி இட்டுப் பற்றீரியா வளர்த்தல், தேவையாயின் மேலும் இரண்டு வாரம்.
அதன் பின்: முதல் மீன் விடுதல்.

இவையெல்லாவற்றுக்கும் செல்லுங் காலம் இரண்டரை மாத நெல்லினம் ஒன்று விளையும் காலத்தை மிஞ்சாது. நெல்லை அவசரப்படுத்தி அறுக்க முடியாததுபோல, நீரையும் அவசரப்படுத்திப் பதமாக்க முடியாது. காத்திருக்கும் வாரங்களுக்குச் செலவு மிகச் சிறிது. காத்திராமையாற் போகும் பணமோ குடும்பத்தின் ஒரு போகச் சேமிப்பாகவும் இருக்கலாம். மீன் வகைகள் பற்றியும் குஞ்சு பெறுதல் பற்றியும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் உத்தியோகத்தரிடம் விசாரித்தறிக. தோட்டத்திலே தெளிக்கும் மருந்துகளைப் பற்றிய ஐயங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுத் தெளிந்துகொள்க.