வந்த வழியே திரும்புதல்

  

காலாண்டுத் தேர்வில் சார்புகள் பாடத்தில் உனக்கு நேர்ந்த இடறலைப் பற்றியும், அதை முன்னிட்டுக் கணிதப் பிரிவை விட்டு வணிகவியலுக்கு மாறிவிடலாமா என்று நீ யோசிப்பதைப் பற்றியும் உன் அப்பா டெலிபோனில் சொன்னான். குரலில் கவலை தெரியாதிருக்க அவன் பட்ட பிரயாசையிலிருந்தே எனக்கு விஷயத்தின் கனம் விளங்கிவிட்டது. முடிவு முற்றிலும் உன்னுடையது. அதில் தலையிடும் உத்தேசம் எனக்கு லவலேசமும் கிடையாது. கணிதம் படித்தவள் பிற்பாடு மனம் மாறினால் பி.காம். சேரலாம், கணிதத்தை விட்டவள் மனம் மாறினால் பொறியியலுக்குப் போகக் கதவு பெரும்பாலும் திறவாது என்ற ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்திவிட்டு, மற்றதையெல்லாம் உன் விவேகத்துக்கே விடுகிறேன்.

விடைத்தாளின் படத்தையும் அவன் அனுப்பியிருந்தான். நேர்மாறு சார்பைக் கேட்ட இடத்தில் நீ பின்னத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து எழுதியிருக்கிறாய். இதில் உன்னை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் மகன் ஜான் ஹெர்ஷல், 1813-இல் நேர்மாறைக் குறிக்கச் சார்பின் தலைமேல் −1 என்று போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அடுக்கில் −1 கண்டால் கீழே தள்ளி வகுத்துப் பழகிய பிள்ளைகள் அன்றுமுதல் இன்றுவரை அதில் வழுக்கி விழுந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் விழுந்ததை அங்கேயே கண்டுகொள்ள ஓர் உபாயம் இருந்ததே! எக்ஸின் இருமடங்கோடு 1 கூட்டி, அதை எக்ஸில் 3 குறைத்து வந்ததால் வகுக்கும் சார்பு அது. அதில் 4-ஐப் போட்டால் 9 வரும். நேர்மாறு என்பது 9-ஐக் கொடுத்தால் 4-ஐத் திருப்பித் தரவேண்டியது. நீ எழுதிய விடையில் 9-ஐப் போட்டுப் பார். 19-இல் 6 பங்கு வருகிறது. சரியான விடையான, எக்ஸின் மும்மடங்கோடு 1 கூட்டி, அதை எக்ஸில் 2 குறைத்து வந்ததால் வகுப்பதில் போட்டுப் பார். 28-ஐ 7-ஆல் வகுக்க 4 வருகிறது. ஒரே ஓர் எண்ணை அனுப்பி, அது வீடு திரும்புகிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிஷம் போதும்.

ஒரு சார்பின் விடையை மற்றொன்றில் போடும் சேர்ப்புச் சார்பில் நீ வரிசையை மாற்றிவிட்டது சிறு பிழைதான், ஆனால் வரிசை மாறினால் விடையும் மாறும். ஆயிரம் ரூபாய்ப் புடவைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடியை முதலில் கழித்துப் பிறகு 100 ரூபாய்க் கூப்பனைக் கழித்தால் 800. கூப்பனை முதலில் கழித்துப் பிறகு தள்ளுபடி என்றால் 810. சார்பு என்ற பெயரையே கேட்டறியாத உன் பெரியம்மா இந்தப் பத்து ரூபாய்க்காக ஜவுளிக் கடையில் வாதாடி ஜெயித்ததை நேரில் பார்த்தவன் நான். அந்த 800-இலிருந்து அசல் விலைக்குத் திரும்புவதானால், முதலில் கூப்பனின் நூறைச் சேர்த்து, அதன்பின்தான் தள்ளுபடியை அவிழ்க்கவேண்டும். கடைசியில் போட்ட முடிச்சைத்தானே முதலில் அவிழ்க்கிறோம்.

இந்தத் திரும்பி நடக்கும் வித்தை நம் தேசத்துக்குப் புதிதன்று. பின்னோக்கிப் போகையில் பெருக்கல் வகுத்தலாகும், கூட்டல் கழித்தலாகும் என்ற விதியை 499-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபடீயமே கூறுகிறது. 1150-இல் பாஸ்கராசாரியர் இயற்றிய லீலாவதியில் இந்த விதிக்கு உதாரணமாக ஒரு கணக்கு உண்டு. ஓர் எண்ணை 3-ஆல் பெருக்கி, வந்ததோடு அதன் முக்கால் பங்கைக் கூட்டி, 7-ஆல் வகுத்து, அதில் மூன்றிலொரு பங்கைக் குறைத்து, வர்க்கமாக்கி, 52-ஐக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 8-ஐக் கூட்டி, 10-ஆல் வகுத்தால் 2 வருகிறது. அந்த எண் யாது? கடைசியிலிருந்து நட: 2, 20, 12, 144, 196, 14, 21, 147, 84, முடிவில் 28. ஆசாரியர் சொன்ன விடையும் அதுவே.

இப்போது −28-ஐ அதே வழியில் முன்னோக்கி நடத்திப் பார். −84, −147, −21, −14 என்று குறை எண்ணாகவே வந்து, வர்க்கமாக்கும் இடத்தில் 196 ஆகி, அதன்பின் ஒரு வித்தியாசமும் இல்லாமல் 2-இல் வந்து நிற்கிறது! ஆக, திரும்பும் பாதை 196-இல் இரண்டாகப் பிரிகிறது. எதில் போவது என்பதை, மிகை எண்கள்தாம் என்று ஆதியிலேயே சொல்லிவைக்கும் சார்பகம் ஒன்றுதான் தீர்மானிக்க முடியும். ஒன்றுக்கொன்றாக இல்லாத சார்புக்கு நேர்மாறு கிடையாது என்று உன் புத்தகம் சொல்லும் வாக்கியத்தின் ஜீவன் முழுவதும் இந்த −28-இல் இருக்கிறது.

இதனால்தான், சார்பகத்தைச் சொல்லாமல் குறுக்கு வழியை மட்டும் கற்பிப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. உன் சித்தப்பா விஷயம் உனக்குத் தெரியும். கல்லாவில் காகிதம் இல்லாமல் கணக்குப் போட்ட பிள்ளை அவன். அவனுக்கு வாய்த்த டியூஷன் வாத்தியார், பெயர் வேண்டாம், 'எக்ஸை ஒய் ஆக்கு, ஒய்யை எக்ஸ் ஆக்கு, தீர்த்து எழுது, மார்க் தானே வரும்' என்று உபதேசித்துவிட்டார். அந்த உபதேசம் பொய்யன்று. பாதிக் கணக்குகளுக்கு மேல் அது விடை தரவும் தரும். ஆனால் வர்க்கம் வந்த மாத்திரத்தில், சார்பகத்தை ஒரு நாளும் எழுதிப் பழகாத அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் திரும்புவது என்று அறியாமல் திகைத்து, தனக்குக் கணக்கு வராது என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு போய்விட்டான். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அது ஆறவில்லை. நீ போகும் பயிற்சி மையத்தில் இதே உபதேசத்தை அச்சடித்துக் கொடுக்கிறார்களாமே! போகாதே என்று நான் சொல்லவில்லை. மாலை இரண்டு மணி நேரத்தை அங்கே செலவிடுவதா, வீட்டில் அமர்ந்து தினம் இரண்டே கணக்கை, சார்பகத்தையும் துணைச் சார்பகத்தையும் முதல் வரியில் எழுதி, ஒன்றுக்கொன்றானதா மேல் சார்பா என்று விசாரித்து, அதன்பின் திருப்பி, ஓர் எண்ணை அனுப்பிச் சரிபார்த்து முடிப்பதா என்பதை நீயே தீர்மானித்துக்கொள். அறிவுள்ளவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கடிதம் உபந்நியாசம் போல் நீண்டுவிட்டதே என்று அஞ்சாதே, கண்ணே. மார்க் ஒரு விஷயமே அல்ல. வணிகவியல் எடுத்தாலும் நீ நம் வீட்டுத் தங்கம்தான். சித்தப்பாவுக்கு என்ன குறைந்துவிட்டது, ராஜா மாதிரி இருக்கிறான். உடம்பைப் பார்த்துக்கொள், ராக்கண் விழிக்காதே, காலையில் பட்டினியாகப் பள்ளிக்கு ஓடாதே. விடுமுறைக்கு அவசியம் வந்துவிடு. உனக்குப் பிடித்த தேங்குழலுக்குப் பெரியம்மா இப்போதே மாவு அரைக்கச் சொல்லிவிட்டாள். நீ இருக்கும் நாட்களில் கணக்குப் பேச்சையே எடுக்கமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். நீயாகக் கேட்டால் அது சத்தியத்தில் சேராது.

இப்படிக்கு,
உன் பெரியப்பா