கீழாநெல்லி குடித்தால் காமாலை போய்விடுமா?

நம்பிக்கை: மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தால் போதும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்.

உண்மை: காமாலை பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. அசுத்தமான குடிநீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறிவிடும். பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றும் ஹெபடைடிஸ் பி கூட நூற்றுக்கு 95 பேருக்கு மருந்தில்லாமலே நீங்குகிறது. அந்த நாட்களில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். பித்தநாளத்தில் கல் அடைத்து வந்த காமாலையோ சாறு குடித்துத் தீராது. கல்லை எடுத்தாக வேண்டும்.

மூலிகை என்பதால் விஞ்ஞானிகள் கீழாநெல்லியை ஒதுக்கிவிட்டார்கள் என்ற பேச்சும் சரியல்ல. சென்னையில் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற பரூக் புளும்பெர்க்குடன் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். அவர்களின் கட்டுரை 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வைரஸை நெடுநாளாகச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. பெருமைப்பட வேண்டிய ஆய்வு இது. ஆனால் பிற நாடுகளில் செய்த சோதனைகளில் இந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. 2011இல் எல்லாச் சோதனைகளையும் சேர்த்து அலசிய காக்ரேன் என்ற அமைப்பின் ஆய்வும் போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தது. வீடுகளில் முதல் செய்தி மட்டும் தங்கிவிட்டது என்பதுதான் என் கவலை.

நம்பிக்கை: செடியிலிருந்து வந்தது உடம்பைக் கெடுக்காது.

உண்மை: நித்தியகல்யாணியைப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று ஜமைக்காவில் அதன் இலையைக் கஷாயம் வைத்தார்கள். கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் எலிகளுக்கு அதன் சாற்றைச் செலுத்தியபோது சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் சரிந்தன. அந்த நஞ்சைப் பிரித்தெடுத்ததில் 1958இல் வின்பிளாஸ்டின் கிடைத்தது. பிறகு அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முக்கிய மருந்து. மில்லிகிராம் கணக்கில் அளந்து ரத்தநாளத்தில் ஏற்றுவதால்தான் அது மருந்து. இலையைக் கொதிக்க வைப்பவருக்கு அந்த அளவு எப்படித் தெரியும்?

இயற்கையாக முளைக்கும் காளானிலும் இதே கதைதான். சில நச்சுக் காளான்களில் உள்ள அமடாக்சின் என்ற நஞ்சு சமைத்தாலும் அழியாது. வாந்தி தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் நஞ்சு கல்லீரலில் வேலையைத் தொடங்கியிருக்கும்.

காமாலை வந்தவருக்குக் குழப்பமோ, அதிகத் தூக்கமோ, ரத்தக்கசிவோ இருந்தால் மருத்துவமனைக்குப் போவதை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். ஹெபடைடிஸ் பி விஷயத்தில் நமக்கு நிச்சயமாகத் தெரிந்த பாதுகாப்பு தடுப்பூசி. பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேரிடம் வைரஸ் நிலைத்துவிடுகிறது. அதனால் முதல் ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.