மதியம் இரண்டு மணிக்கு ஒரு தூக்கம்: டிஸ்னி வேர்ல்ட் பயணம் – நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஃப்ளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில், மேஜிக் கிங்டம் பார்க்கில், சிண்ட்ரெல்லா கோட்டைக்குப் பின்பக்கம் குதிரை ராட்டினம் சுற்றும் இடத்தில், என் நான்கு வயது மகள் தரையில் மல்லாக்கப் படுத்துவிட்டாள். பசி இல்லை, அடி எதுவும் படவில்லை. மிக்கி தலை ஐஸ்கிரீம் பாதி உருகி முழங்கை வரை வழிந்திருந்தது. ராட்டினப் பாட்டு காதுக்குள் ஒலித்துக்கொண்டிருக்க, “வீட்டுக்குப் போகணும்” என்று ஒரே அழுகை. எங்கள் வீடு அட்லாண்டாவில், காரில் ஏழு மணி நேர தூரத்தில். அவள் வீடு என்று சொன்னது ஹோட்டல் கட்டிலை என்பது என் மாமியாருக்குத்தான் முதலில் புரிந்தது. “புள்ளைய எதுக்கு இப்படிப் போட்டு வதைக்கிய? கூட்டிட்டுப் போயி செத்த நேரம் உறங்க விடுங்க” என்றார். திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்த அவருக்கு அந்தப் பார்க்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. பேத்தியைத் தெரியும்.

அதன் பிறகு இரண்டு முறை போய் வந்துவிட்டோம். ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கு முன்பும் தோழிகள் போன் செய்து யோசனை கேட்கிறார்கள். அவர்கள் நம்பிக்கொண்டிருப்பவற்றில் பெரும்பாலானவை முதல் பயணத்துக்கு முன் நாங்களும் நம்பியவை.

நம்பிக்கை: இவ்வளவு காசு கொடுத்திருக்கிறோம், கதவு திறப்பதிலிருந்து வாணவேடிக்கை வரை உள்ளேயே இருக்க வேண்டும்.

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். டிக்கெட்டை நாள் கணக்கில் வாங்குகிறோம், மனசு அதை மணிக்கணக்கில் பிரித்துப் பார்க்கிறது. ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒரு நாளில் நல்ல பொழுது கொஞ்சம்தான். அதை எங்கே செலவழிக்கிறோம் என்பதைப் பொறுத்தே பயணம் அமைகிறது.

காலையில் பார்க் திறந்த முதல் இரண்டு மணி நேரத்தில் வரிசைகள் குட்டையாக இருக்கும். டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் தங்குகிறவர்களை எல்லாருக்கும் அரை மணி முன்பே உள்ளே விடுகிறார்கள். பதினோரு மணிக்கு மேல் கூட்டம் ஏறும், வெயிலும் ஏறும். பிற்பகல் நான்கு மணி வரை இரண்டும் இறங்காது. அந்த நேரத்தில்தான் வெளியே வந்துவிட வேண்டும். அதே நாளில் அதே பார்க்குக்குத் திரும்பி வர, வைத்திருக்கும் டிக்கெட்டே போதும். கூடுதலாக ஒரு காசு தர வேண்டியதில்லை. இதைத் தெரியாமலே பலர் பிள்ளையை இழுத்துக்கொண்டு அலைகிறார்கள்.

ஒரு கணக்கை மட்டும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். மேஜிக் கிங்டத்தின் கார் நிறுத்தம் அதன் வாசலில் இல்லை. ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. மோனோரயிலிலோ படகிலோ ஏரியைக் கடந்து, நடந்து, காரை எட்டுவதற்குள் அரை மணி, முக்கால் மணி போய்விடும். அதனால் ஹோட்டல் தேர்ந்தெடுக்கும்போது நீச்சல் குளத்தின் படத்தைப் பார்ப்பதைவிட, மதியம் அங்கே திரும்பிப்போக எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள். தொலைவில் தங்கியிருந்தால் தூக்கத்தைப் பார்க்குக்குள்ளேயே ஏற்பாடு செய்யலாம். 1964-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக வால்ட் டிஸ்னி உருவாக்கிய ‘கரோசல் ஆஃப் ப்ராக்ரஸ்’ இப்போது மேஜிக் கிங்டத்தில் இருக்கிறது. குளுகுளு அரங்கம், இருக்கைகளே மேடையைச் சுற்றி மெதுவாக நகரும், இருபது நிமிடக் காட்சி. என் ஒன்றரை வயது மகன் மடியில் கிடந்து அதை முழுக்கத் தூங்கியே கழித்தான். எனக்கும் இருபது நிமிடம் கால் நீட்டக் கிடைத்தது.

நம்பிக்கை: நான்கு பார்க், நான்கு நாள். நாளுக்கு ஒன்று.

டிஸ்னி வேர்ல்ட் மொத்தம் சுமார் 40 சதுர மைல். அதற்குள் நான்கு பெரிய பார்க்குகள்: 1971-இல் திறந்த மேஜிக் கிங்டம், 1982-இல் எப்காட், 1989-இல் இன்று ஹாலிவுட் ஸ்டுடியோஸ் எனப்படுவது, 1998-இல் அனிமல் கிங்டம். நான்கும் சிறு குழந்தைக்குச் சமமானவை இல்லை.

மேஜிக் கிங்டத்துக்கு இரண்டு நாள் கொடுங்கள். டம்போ யானை, பீட்டர் பேன், வின்னி த பூ, ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ எல்லாமே உயரக் கட்டுப்பாடு இல்லாதவை, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே போகலாம். ஹாலிவுட் ஸ்டுடியோஸ் நேர்மாறு. அங்கே பெரிய ரைடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அளவுகோல் உண்டு. மூன்று வயதுப் பிள்ளை மட்டும் என்றால் அதைத் தயங்காமல் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. எப்காட்டில் ஏரியைச் சுற்றிப் பதினோரு நாடுகளின் அரங்குகள். ஒரு சுற்றே 1.2 மைல். பெரியவர்களுக்குப் பிடிக்கும், பிஞ்சுக் கால்களுக்கு வலிக்கும்.

அனிமல் கிங்டம் காலைக்கு உரியது. கிளிமஞ்சாரோ சஃபாரியில் திறந்த லாரியில் சுமார் 110 ஏக்கர் புல்வெளிக்குள் போகிறோம். காலைக் குளிர்ச்சியில் விலங்குகள் நடமாடும், வெயில் ஏறினால் நிழல் தேடி ஒதுங்கிவிடும். ஒட்டகச்சிவிங்கி ஒன்று லாரியை மறித்துப் பாதையில் நின்றுவிட, ஓட்டுநர் இன்ஜினை அணைத்துக் காத்திருந்தார். மகன் மூச்சுவிடாமல் பார்த்தான். மதியச் சாப்பாட்டோடு அந்த நாளை முடித்துக்கொண்டோம், ஒரு குறையும் தெரியவில்லை.

நான்கு பார்க்குகளுக்கும் இடையில் ஒரே நாளில் மாற உதவும் ‘பார்க் ஹாப்பர்’ டிக்கெட்டைப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு யோசியுங்கள். பார்க் மாறுவது என்றால் ஸ்ட்ரோலரை மடக்கி, பஸ்ஸில் ஏறி, மறுபடி பை சோதனை.

நம்பிக்கை: மூன்று வயதுக்குள் போனால் டிக்கெட் இல்லை, அதற்குள் போய்விடு. / மூன்று வயதுக்குள் போனால் ஒன்றும் நினைவிருக்காது, அப்புறம் போ.

ஒரே வாரத்தில் இரண்டு தோழிகள் இரண்டையும் சொன்னார்கள். மூன்று வயதுக்குள் அனுமதி இலவசம் என்பது உண்மை. மூன்று முதல் ஒன்பது வரை குழந்தைக் கட்டணம். அதுவும் பெரியவர் கட்டணத்தைவிடச் சில டாலர்தான் குறைவு. ஆகவே மூத்த குழந்தையோடு போகும்போது இளையது இரண்டு வயதாக இருந்தால் லாபம்தான். அதற்காகவே ஒரு கைக்குழந்தையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

நினைவு விஷயத்தில், வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய எதுவும் எட்டுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளை போன மாதம் நடந்ததை நன்றாகவே நினைவில் வைத்திருக்கும், அதைப் பேசிப் பேசி மகிழும். மகள் இன்றும் சொல்வது கோட்டையைப் பற்றி இல்லை. மழைக்கு ஒதுங்கிய கூரையடியில் ஆச்சி தன் சேலைத் தலைப்பால் தலை துவட்டியதைத்தான் சொல்கிறாள்.

நம்பிக்கை: உயரம் பத்தாத பிள்ளை இருந்தால் அப்பா அம்மாவுக்கும் பெரிய ரைடு கிடையாது.

‘ரைடர் ஸ்விட்ச்’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது, இலவசம். வாசலில் இருக்கும் ஊழியரிடம் கேட்க வேண்டும். ஒருவர் பிள்ளையோடு நிற்க மற்றவர் போய் வருவார். பிறகு நின்றவர் நீண்ட வரிசையில் நிற்காமல் ‘லைட்னிங் லேன்’ என்ற விரைவு வரிசை வழியாகப் போகலாம். உயரம் எட்டிய அக்கா, அண்ணனுக்கு இரண்டு தடவை ஏறும் யோகம்.

அளவுகளை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலுக்கு 38 அங்குலம், ஸ்பேஸ் மவுன்டனுக்கும் எவரெஸ்ட்டுக்கும் 44, ட்ரானுக்கு 48. பிள்ளைக்கு ஷூ போட்டே சுவரோரம் நிறுத்தி அளக்கலாம். அங்கேயும் ஷூவோடுதான் அளக்கிறார்கள். ஸ்லிங்கி டாக் ரைடின் வாசலில் ஒரு சிறுவனைப் பார்த்தேன். கோலுக்கு அடியில் நுனிக்காலில் எம்பி நின்றான். ஊழியர் குனிந்து, குதிகாலைத் தரையில் வைக்கச் சொன்னார். ஒரு விரற்கடை குறைந்தது. அதுவரை காரில் வந்த வழியெல்லாம் அதைப் பற்றியே பேசியிருப்பான் போல, அவன் அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உயரம் எட்டிவிட்டது என்பதால் ஏற்றியே தீர வேண்டும் என்றும் இல்லை. பேய் மாளிகைக்கு உயரக் கட்டுப்பாடே கிடையாது, ஆனால் உள்ளே இருட்டு. பயப்படுகிற பிள்ளையைக் கட்டாயப்படுத்தினால் அடுத்த ரைடுக்கும் வராது.

நம்பிக்கை: வெளிச் சாப்பாடு விடமாட்டார்கள்.

விடுவார்கள். இதைத் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் உரக்கச் சொல்ல விரும்புகிறேன். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, உதிரி ஐஸ் கட்டியும் கூடாது. குழந்தை உணவு வரும் கண்ணாடிச் சீசாவுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றபடி பையில் எடுத்துப் போகலாம். நாங்கள் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், பால் கூட்டிப் பிசைந்த தயிர் சாதமும் கொண்டுபோனோம். ஐஸ் பேக் வைத்த சிறு பையில் மதியம் வரை புளிக்காமல் இருந்தது. டிஸ்னியின் சாதாரண ஹோட்டல் அறைகளில் குளிர்பெட்டி இருக்கும், மைக்ரோவேவ் இருக்காது, அதற்கேற்ப யோசியுங்கள். சாப்பாட்டுக் கவுன்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசமாகத் தருகிறார்கள், தண்ணீர் பாட்டிலுக்குச் செலவழிக்க வேண்டாம்.

சைவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்பதும் பழைய கதை. அனிமல் கிங்டம் லாட்ஜில் ‘சனா’ என்ற உணவகத்தில் நான் ரொட்டியும் விதவிதமான சட்னிகளும் வரும். ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரை மேயும். பத்து நாள் பர்கர் வாசத்துக்குப் பிறகு ஊறுகாய் வாசம் வந்ததும் மாமியார் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

இன்னொன்று: நான்கு பார்க்குகளிலும் ‘பேபி கேர் சென்டர்’ இருக்கிறது. பால் கொடுக்கத் தனி அறை, டயப்பர் மாற்ற மேஜை, சோறு சுட வைக்க மைக்ரோவேவ், குட்டிக் கழிப்பறை. பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளையும் அங்கேதான் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். வெள்ளைப் பெயர்ப் பட்டை குத்தியவர்கள் ஊழியர்கள் என்று பிள்ளைக்கு முதல் நாளே காட்டிக்கொடுங்கள். உங்கள் போன் நம்பரை அதன் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள்.

நம்பிக்கை: நான்கு வயதாகிவிட்டது, ஸ்ட்ரோலர் எதற்கு?

ஒரு நாளில் பத்துக் கிலோமீட்டர் நடப்பது அங்கே சர்வசாதாரணம். வேண்டும். ஆறு வயதுக்கும் வேண்டும். அகலம் 31 அங்குலம், நீளம் 52 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும்; இழுத்துப் போகும் வேகன் வண்டிகளை 2019 முதல் அனுமதிப்பதில்லை. உள்ளே வாடகைக்குக் கிடைப்பது கெட்டி பிளாஸ்டிக். அதில் தூங்க முடியாது, பார்க்கை விட்டு வெளியே கொண்டுவரவும் முடியாது. சொந்த ஸ்ட்ரோலர் என்றால் பஸ்ஸுக்கு மடக்க வேண்டும். அங்கே ஓடும் கேபிள் காரில் அப்படியே தள்ளிக்கொண்டு ஏறலாம்.

நம்பிக்கை: கூடுதல் காசு கட்டி வரிசையைத் தாண்டாவிட்டால் எதையும் பார்க்க முடியாது.

முன்பு இலவசமாக இருந்த ‘ஃபாஸ்ட்பாஸ்’ இப்போது இல்லை. 2024 ஜூலை முதல் ‘லைட்னிங் லேன்’ பாஸை முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கலாம். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்கள் 7 நாள் முன்பு, மற்றவர்கள் 3 நாள் முன்பு. கூட்ட நாளில் மேஜிக் கிங்டத்துக்கு மட்டும் வாங்கினால் பிரயோஜனம் உண்டு. காலையில் சீக்கிரம் போகிற குடும்பத்துக்கு அனிமல் கிங்டத்தில் தேவைப்படாது. முதல் வேலையாகப் பீட்டர் பேனுக்குப் போய்விடுங்கள். அதில் ஒரு படகில் இரண்டு மூன்று பேர்தான் உட்கார முடியும், அதனால் வரிசை நகரவே நகராது. மூன்று நிமிடம்கூட இல்லாத பயணத்துக்கு மதியத்தில் ஒரு மணி நேரம் நிற்கிறார்கள்.

நம்பிக்கை: கோடை விடுமுறைதான் சரியான நேரம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மத்திய ஃப்ளோரிடாவில் பிற்பகல் இடிமழை கிட்டத்தட்ட அன்றாட வழக்கம். மின்னல் அருகில் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளை இருந்தால் வேறு வழியில்லை. மழைக்கோட்டை ஊரிலிருந்தே வாங்கிச் செல்லுங்கள், மதியத் தூக்கத்தை மழை நேரத்தோடு பொருத்துங்கள். இன்னும் பள்ளி சேராத பிள்ளைகள் என்றால் ஜனவரி கடைசி நல்ல காலம், டிக்கெட் விலையும் தேதிக்குத் தேதி மாறுவதால் கொஞ்சம் குறையும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரத்தைக் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள்.

நம்பிக்கை: வாணவேடிக்கையைக் கோட்டை முன்னால் நின்று பார்த்தால்தான் பார்த்த மாதிரி.

அங்கே ஒரு மணி நேரம் முன்பே இடம் பிடித்து, தோளோடு தோள் உரச நிற்க வேண்டும். வெடிச் சத்தத்துக்குச் சின்னப் பிள்ளைகள் வீறிட்டு அழும். முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே சமயத்தில் மோனோரயிலுக்கும் படகுக்கும் திரும்பும். அந்த வரிசையில் ஒரு கையில் தூங்கிய பிள்ளையும் மறு கையில் மடக்கிய ஸ்ட்ரோலருமாக நின்றவர்களுக்குத் தெரியும். மூன்றாவது பயணத்தில் நாங்கள் வேடிக்கை தொடங்கும் முன்பே படகேறி அக்கரைக்கு வந்துவிட்டோம். கார் நிறுத்தத்துக்குப் பக்கத்துப் படகுத்துறையில், ஏரிக்கு மேலே வெளிச்சப் பூக்கள் விரிந்தன. சத்தம் ஒரு கணம் தாமதித்து, மெதுவாகத் தண்ணீர் மீது வந்தது. மகன் காதைப் பொத்தவில்லை. இரவு உடுப்பை அங்கேயே மாற்றிவிட்டு, கார் ஸீட்டில் உட்காரவைப்பதற்குள் தூங்கிப்போனான்.