பகுதி வேறானால் எப்படிக் கழிப்பது?



முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். ஆறாம் வகுப்பிலிருந்தே எனக்குப் பின்னக் கழித்தல் சரியா வராது. பகுதி ஒன்றாக இருந்தால் போட்டுவிடுவேன். வேறு வேறாக இருந்தால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவேன். டீச்சரிடம் கேட்கக் கூச்சம்.

போன மாசம் எங்கள் வீட்டில் முக்கால் படி அரிசி இருந்தது. பக்கத்து வீட்டு அத்தைக்கு அரைக்கால் படி அளந்து கொடுத்தோம். "மீதி எவ்வளவு?" என்று அப்பத்தா கேட்டாங்க. நான் மனசுக்குள் 3/4 − 1/8 போட்டேன். மேலே 3 − 1 = 2. கீழே 8 − 4 = 4. "2/4, அரைப்படி அப்பத்தா" என்றேன். அப்பத்தா சிரிச்சாங்க.

"முக்கால்ல கால் போனாத்தான்டி அரை. நாம கொடுத்தது அரைக்கால்தானே? மிச்சத்தை எலி தின்னுச்சா?"

பள்ளிக்கூடமே போகாத அப்பத்தா ஆழாக்கை எடுத்தாங்க. ஒரு படிக்கு 8 ஆழாக்கு. முக்கால் படி என்றால் 6 ஆழாக்கு. அரைக்கால் படி என்றால் 1 ஆழாக்கு. 6 − 1 = 5 ஆழாக்கு. அதாவது 5/8 படி.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எந்த அளவையால் அளக்கிறோம் என்பது பகுதி. அதில் எத்தனை இருக்கிறது என்பது தொகுதி. இரண்டையும் ஒரே அளவைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கழிக்க முடியும்.

செய்முறை:

1. இரண்டு பகுதிகளுக்கும் மீச்சிறு பொது மடங்கு காண்க.
2. அதையே பகுதியாக வைத்துச் சமான பின்னங்களாக மாற்றுக. பகுதியை எதனால் பெருக்கினோமோ, தொகுதியையும் அதனால் பெருக்க வேண்டும். (இதைத்தான் நிறையப் பேர் மறப்போம்!)
3. தொகுதிகளை மட்டும் கழிக்க. பகுதி மாறாது.
4. சுருக்க முடிந்தால் சுருக்குக.

எடுத்துக்காட்டு: 5/6 − 3/10
6, 10 இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 30.
= 25/30 − 9/30
= 16/30
= 8/15

இன்னொரு அதிசயம்! அப்பத்தா சொல்லும் பழைய கணக்கில் மாகாணி என்றால் 1/16, மா என்றால் 1/20. மாகாணியிலிருந்து மாவைக் கழிப்போமா? மீச்சிறு பொது மடங்கு 80.
1/16 − 1/20 = 5/80 − 4/80 = 1/80
இந்த 1/80க்குப் பெயர் காணி! மாவும் காணியும் சேர்ந்ததுதான் மாகாணி. பேரிலேயே கணக்கு இருக்கு பாருங்க.

உங்களுக்கு ஒரு கணக்கு: 7/8 − 5/12 = ?
விடை தெரிந்தவர்கள் எங்கள் வகுப்புக்கு வந்து சொல்லுங்கள். தெரியாதவர்களும் வாங்க, சேர்ந்து போடுவோம். என்னை மாதிரி மூணு வருஷம் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்காதீங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி