குடும்பக் கார் வாங்குமுன்: புதிதா, பழையதா?

தீபாவளி, பொங்கல் வியாபாரம் முடிந்து, சரக்கிருப்பு எடுத்து, ஐந்தொகையில் நாலு காசு மிச்சம் தெரியும்போது நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "இந்த வருஷமாவது ஒரு கார் வாங்கினால் என்ன?" என்பதுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஐந்து பேர் உள்ள குடும்பம், ஊர்த் திருவிழா, கல்யாணம் காட்சி, பெரியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது என்று காரியங்கள் பல உண்டு. பின்னால் தனி டிக்கியுடன் கூடிய, நடுத்தர விலையுள்ள செடான் வண்டிதான் பெரும்பாலோர் மனத்தில் வருகிறது.

ஆனால், மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைக்க மொத்த வியாபாரியிடம் அரை மணி நேரம் பேசும் நாம், கார் ஷோரூம் வாசலில் செருப்போடு கணக்கையும் கழற்றிவிட்டு உள்ளே போகிறோம். சரக்கில் போட்ட பணம் சுழலும். காரில் போட்ட பணம் தேயும். எனவே கடையின் முதலில் கை வைக்காமல் எந்த வண்டியை வாங்கலாம் என்பதையே இக்கட்டுரையில் பார்ப்போம்.

விலை வேறு, அடக்கம் வேறு

புதிய வண்டி பத்து லட்சம், நாலு வருஷம் ஓடிய அதே வண்டி ஐந்தரை லட்சம் என்றால், "பாதி விலைக்குக் கிடைக்கிறதே" என்று தோன்றும். அடக்க விலை போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கீழே உள்ளவை எடுத்துக்காட்டுக்காக நாம் எடுத்துக்கொண்ட தொகைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

புதிய வண்டி: சாலைக்கு வரும்போது ரூ.10,00,000. எட்டு வருஷம் வைத்திருந்து ரூ.3,00,000-க்கு விற்கிறோம். தேய்ந்தது ரூ.7,00,000. ஆண்டுக்கு ரூ.87,500.

பழைய வண்டி: விலை ரூ.5,50,000. வாங்கியதும் டயர், பேட்டரி, கிளட்ச், பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கு ரூ.50,000. ஐந்து வருஷம் கழித்து ரூ.2,25,000-க்கு விற்கிறோம். தேய்ந்தது ரூ.3,75,000. ஆண்டுக்கு ரூ.75,000. புதிய வண்டியைவிடக் கூடுதலாக ஆகும் பழுதுச் செலவு ஆண்டுக்கு ரூ.15,000 என்று சேர்த்தால் ரூ.90,000.

ஆக, பாதி விலை வண்டியின் ஆண்டுச் செலவு ஏறக்குறைய அதேதான்! அப்படியானால் பழைய வண்டியால் லாபமே இல்லையா? உண்டு. லாபம் வண்டியில் இல்லை, கையில் நிற்கும் நாலு லட்சத்தில் இருக்கிறது. அந்தத் தொகை கடைக்குள் சரக்காகச் சுழன்று மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் தந்தாலே ஆண்டுக்கு ரூ.48,000. அதே நாலு லட்சம் வீட்டுச் செலவில் கரைந்து போகுமானால், பழைய வண்டி வாங்கியதில் பயன் இல்லை. பழைய வண்டியை ஐந்தரைக்குப் பதிலாக ஆறரை லட்சத்துக்கு வாங்கினால், ஆண்டுச் செலவு ரூ.1,10,000 ஆகிவிடும். அந்த விலைக்குப் புதியதே மேல்.

இன்னொன்று. காப்பீட்டுக்கும் வழக்கமான சர்வீசுக்கும் ஆண்டுக்கு ரூ.30,000 என்று வைத்தால், வண்டி வாசலிலேயே நின்றாலும் மாதம் ரூ.10,000 அளவுக்குச் செலவு. மாதம் ஒருமுறை மட்டும் வெளியூர் போகும் குடும்பத்துக்கு வாடகை வண்டியே சிக்கனம். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

நாலு மீட்டர் கோடு

செடான்களில் இரண்டு வகை உண்டு. நாலு மீட்டருக்குள் அடங்கும் டிசையர், அமேஸ், ஆரா போன்றவை ஒரு வகை. நாலரை மீட்டர் அளவுக்கு நீளும் ஹோண்டா சிட்டி, வெர்னா, ஸ்லாவியா, விர்டஸ் போன்றவை மற்றொன்று. இந்த நாலு மீட்டர் கோடு இடவசதியை மட்டுமின்றி வரியையும் தீர்மானிக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டருக்கு மிகாத, 1,200 சி.சி.-க்கு மிகாத பெட்ரோல் வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், முன்பு செஸ்ஸோடு 29 சதவீதம் இருந்தது. நீளமான செடானுக்கு 40 சதவீதம். முன்பு 1,500 சி.சி. வரை உள்ளவற்றுக்குச் செஸ்ஸோடு 45 சதவீதம் இருந்தது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுள் வரியிலும் ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், அதற்கு மேல் இருபது லட்சம் வரை 15 சதவீதம் என்று படி ஏறுகிறது.

பழைய வண்டி வாங்குவோர் இதில் ஒரு பாடம் கற்க வேண்டும். "நான் இத்தனை லட்சம் கொடுத்து வாங்கினேன்" என்று விற்பவர் சொல்லும் தொகை வரி குறையுமுன் இருந்த விலை. நாம் ஒப்பிட வேண்டியது அதே வண்டியின் இன்றைய ஷோரூம் விலையோடுதான்.

இடவசதியைப் பொறுத்தவரை டிசையரின் டிக்கி 382 லிட்டர், சிட்டி 506, வெர்னா 528. கேஸில் ஓடும் வண்டி என்றால் சிலிண்டரே டிக்கியில் பெரும் பகுதியை அடைத்துக்கொள்ளும். வீட்டுப் பெரியவர்களைப் பின் சீட்டில் உட்கார வைத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு உங்கள் தெரு வேகத்தடையில் அடி தட்டுகிறதா என்றும் பாருங்கள். செடான் தாழ்ந்த வண்டி என்பதால் இதைக் கடையிலேயே தெரிந்துகொள்ள முடியாது.

பாதுகாப்பில் கஞ்சத்தனம் கூடாது. ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை முதலும், முன் சீட்டில் இரண்டாவது ஏர்பேக் 2021 இறுதிக்குள் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய ஆண்டு வண்டியில், அதிலும் குறைந்த விலை ரகத்தில், இவை இருக்கின்றனவா என்று கேட்டே வாங்க வேண்டும். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2023-இல் விர்டஸ், ஸ்லாவியா, வெர்னா ஆகியவையும், 2024-இல் புதிய டிசையரும் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றன. பெயர் ஒன்றாக இருந்தாலும் 2024 நவம்பருக்கு முந்தைய பழைய டிசையருக்கு இந்த மதிப்பெண் பொருந்தாது.

நாம் ஏமாந்த கதை

2016 கோடையில் நாமே ஒரு பழைய செடான் வாங்கினோம். பளபளவென்று இருந்தது. மற்ற இடங்களைவிட நாற்பதாயிரம் குறைவு. "மலிவாகக் கிடைக்கும் சரக்கை ஏன் என்று கேள்" என்று கடைப் பையன்களுக்குச் சொல்லித்தரும் நாம், அன்று கேட்கவில்லை. ஐப்பசி மழையில் முதலில் கண்ணாடி ஏறவில்லை. பிறகு விளக்கு எரியவில்லை. ஒருநாள் இரவு, குழந்தைகளோடு புறவழிச் சாலையில் வண்டி நின்றே போயிற்று. மறுநாள் பட்டறையில் மெக்கானிக் வேறொன்றையும் தொடவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். அடிப்பகுதியில் காய்ந்த சேற்றுக் கோடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி அது. நாற்பதாயிரம் மிச்சம் என்று நினைத்தது, லட்ச ரூபாய்க்கு மேல் நஷ்டமாக முடிந்தது.

2023 டிசம்பரில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, நெல்லைப் பகுதிகளிலும் வெள்ளம் வந்ததை நாம் மறக்கவில்லை. அந்த வண்டிகளும் சந்தைக்கு வந்திருக்கும். எனவே பழைய வண்டி பார்க்கும்போது:

1. எல்லா சீட் பெல்ட்டையும் முழுவதும் இழுத்துப் பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சீட் தண்டவாளத்திலும், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்திலும் துரு, வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. என்ஜின் ஆறிக் கிடக்கும் காலையில் போய், நம் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பின்னும் அடர்த்தியான வெள்ளைப் புகை நிற்காவிட்டால், என்ஜினுக்குள் தண்ணீர் இறங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

3. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மீட்டரில் இருபதாயிரம் கிலோமீட்டர் காட்டி, டயர் மட்டும் புதிதாக மாற்றியிருந்தால், மீட்டரை நம்பாதீர்கள்; சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள்.

4. கதவு ரப்பரை விலக்கி உள்ளிருக்கும் வெல்டிங் புள்ளிகளைப் பாருங்கள். பானெட் போல்ட்டுகளில் ஸ்பானர் தழும்பு இருந்தால், டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது என்று பொருள்.

5. டீசல் வண்டி மலிவாக வந்தாலும் யோசியுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும்.

6. அந்த நிறுவனம் இன்றும் நாட்டில் கார் விற்கிறதா? செவர்லே 2017-இல் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் விலகுவதாக அறிவித்தது. இவற்றில் நல்ல வண்டிகள் உண்டு. ஆனால் விற்கும்போது விலை போகாது என்பதை வாங்கும்போதே குறைத்துப் பேச வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்குக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். அந்தக் கூலி வீண் போகாது.

காகிதம் முடியாமல் பணம் முடியக் கூடாது

ஆர்.சி.-யில் உள்ள என்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். கடன் இருந்திருந்தால் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும், அடமானம் நீக்கும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. காப்பீட்டை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்பவரின் "நோ கிளெய்ம் போனஸ்" நமக்கு வராது. அது ஆளோடு போவது, வண்டியோடு வருவதில்லை.

நம் பழைய வண்டியை விற்கும்போது இன்னும் கவனம் வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. "தெரிந்தவர்தானே, பிறகு மாற்றிக்கொள்வார்" என்று விட்டால் கடையையே அடகு வைக்க நேரலாம்.

வட்டியில் ஒரு சூட்சுமம்

"ஏழு சதவீதம்தான்" என்று கடன் தர வருவார்கள். அது ஃபிளாட் வட்டியா, குறையும் முதலுக்கு வட்டியா என்று கேளுங்கள். ஐந்து லட்சத்துக்கு ஐந்து வருஷம் ஏழு சதவீத ஃபிளாட் என்றால் வட்டி ரூ.1,75,000, மாதத் தவணை ரூ.11,250. குறையும் முதலுக்குக் கணக்கிட்டால் இது சுமார் பன்னிரண்டரை சதவீதம்! வட்டிக் கணக்கு நமக்குத் தெரியாததல்ல. கார் ஆசையில் அதைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

கடைப் பேரிலா, சொந்தப் பேரிலா?

கடைப் பேரில் வாங்கினால் ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கிடைக்காது. ஓட்டுநரையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் வரை உட்காரும் பயணிகள் வண்டிக்கு உள்ளீட்டு வரி வரவைச் சட்டமே தடுத்திருக்கிறது. கார் விற்பவர், வாடகைக்கு ஓட்டுபவர், ஓட்டுநர் பயிற்சி தருபவர் ஆகியோருக்கு மட்டுமே விலக்கு. வருமான வரியில் தேய்மானம் கேட்கலாம். ஆனால் சொந்த உபயோகத்துக்கான பங்கைக் கழிக்க வேண்டும். உத்தேச அடிப்படையில் வரி கட்டும் சிறு வணிகர் தேய்மானத்தைத் தனியே கழிக்க முடியாது. தேய்மானம் எடுத்த வண்டியை ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர் விற்கும்போது, ஏட்டு மதிப்புக்கு மேல் கிடைக்கும் தொகைக்கு 18 சதவீத வரி என்று 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தது. வாங்குமுன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இறுதியாக நம் தொழிலுக்கே உரிய ஓர் எச்சரிக்கை. "இரண்டு பெட்டிதானே" என்று குடும்பக் காரில் சரக்கு ஏற்றுவது நம் வழக்கம். தனியார் கார் பாலிசி, மாதிரிப் பொருளும் சொந்தப் பெட்டி படுக்கையும் தவிர, சரக்கு ஏற்றும் உபயோகத்துக்குப் பொருந்தாது. விபத்து நேர்ந்தால் இழப்பீடு சிக்கலாகும். குடும்ப வண்டியைக் குடும்பத்துக்கே விட்டுவிடுவோம்.

பேரேட்டில் எழுத ஐந்து வரிகள்

முன்பணம் கொடுக்குமுன் ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: மாதம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருஷம் வைத்திருப்போம், விற்றால் என்ன கிடைக்கும், ஆண்டு அடக்கம் என்ன, இந்தப் பணம் கடையிலிருந்து வந்தால் எந்தச் சரக்கு குறையும்.

ஐந்தாவது வரிக்குப் பதில் எழுதக் கை தயங்கினால், இந்த ஆண்டு வாங்க வேண்டாம். அடுத்த பொங்கலுக்குப் பார்க்கலாம். கடை நன்றாக நடந்தால் வாசலில் கார் என்றைக்கும் வந்து நிற்கும்.